வியாழக்கிழமை வாசல்

அக்காவின் நர்ஸ் தொப்பி மடிப்பில் இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தபோது ரேடியோ அலறியது. போரில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்க்க நர்ஸுகள் போதவில்லையாம். பெண்களைக் கட்டாயமாகச் சேர்க்கச் சட்டம் வருகிறதாம். வெர்னெலின் கை அப்படியே நின்றுவிட்டது. கஞ்சி போட்ட வெள்ளைத் துணி பழுப்பாகத் தீய்ந்தது.

“அத நிறுத்துடி, சாவு வீட்ல!” என்றாள் அம்மா.

“இருக்கட்டும்மா. அக்காவும் கேக்கட்டும்.”

அக்கா லியோட்டா கூடத்தில் சவப்பெட்டிக்குள் கிடந்தாள். நர்ஸ் படிப்பில் முதலாவதாகத் தேறியவள். கறுப்பி என்று அமெரிக்க ராணுவம் அவளை எடுக்கவில்லை. எங்களையும் சேர் என்று எழுதிய அட்டையோடு வியாழன்தோறும் ஆள்சேர்ப்பு அலுவலக வாசலில் நின்றாள். கொட்டுகிற பனியிலும் நின்றாள். சளி நெஞ்சில் இறங்கி ஆளையே கொண்டுபோய்விட்டது.

“புடிபட்ட ஜெர்மன்காரனுக்குக் கட்டுப் போட மட்டும் நம்ம பொண்ணுங்க வேணும். வெள்ளைக்காரச் சிப்பாயத் தொட்டா தீட்டு. த்தூ!” என்றாள் வெர்னெல்.

தீய்ந்த தொப்பியையே அக்காவின் தலையில் வைத்தாள்.

அவர்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் உழைத்த இடத்தில் சவ வண்டி சற்று நின்றுதான் போகும்.

“ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தறேன்” என்றார் வண்டிக்காரர் டாக்கின்ஸ்.

“வேணாம். ஆள்சேர்ப்பு ஆபீஸ்ல நிறுத்துங்க.”

“விளையாடறியா பாப்பா? போலீஸ் வருவான். என் பொழப்புல மண்ணப் போடாத.”

“நாங்க செத்தாத்தான உங்களுக்குப் பொழப்பு? ஒரு நாள் எங்களுக்காக நில்லுங்களேன்.”

அவர் அம்மாவைப் பார்த்தார். மகளைப் போகாதே போகாதே என்று வியாழன்தோறும் தடுத்தவள் அம்மா. அவள் கையுறையை மாட்டிக்கொண்டே, “நிறுத்து, டாக்கின்ஸ்” என்றாள்.

ஆள்சேர்ப்பு அலுவலகச் சுவரில் ‘நர்ஸுகள் தேவை’ என்று பெரிதாக ஒட்டியிருந்தது. லியோட்டாவோடு வேலை பார்த்த பெண்கள் வெள்ளை உடுப்பில் வண்டியின் இருபுறமும் வரிசையாக நின்றார்கள். உள்ளிருந்து ஒரு சிப்பாய் ஓடிவந்தான்.

“ஏய் கிழவா, வண்டிய எட்றா!”

டாக்கின்ஸ் இன்ஜினை அணைத்தார். சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“வண்டி மக்கர் பண்ணுது சார்.”

இறங்கித் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு அவரும் வரிசையில் போய் நின்றார். பனி விழத் தொடங்கியது. யாரும் அதைத் தட்டிவிடவில்லை.