பிளக்குக்குள் ஓர் இழை

நான்தான், சின்னவன். வயது இருபத்து மூன்று. எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். கையெல்லாம் டேப் பசை. அதனால் தட்டாமல் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. அக்கா, சாப்பாட்டு நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கிறது. அழைத்துச் சொல்லலாம்தான். அம்மா எடுத்தால் மென்று முழுங்கிவிடுவேன்.

அப்பா ஏணியிலிருந்து விழுந்து இன்றோடு இருபத்தாறு நாள். நான் அழைக்கும்போதெல்லாம் பின்னால் அம்மாவின் குரல் கேட்கிறது. "ஆன்டெனாவ ஒழுங்காத் திருப்பத் தெரியாத மனுஷன் எதுக்கு மேல ஏறணும்? இந்த வயசுல கொரங்குச் சேட்ட! இப்ப இடுப்ப ஒடச்சுக்கிட்டுக் கெடக்குது." அப்பா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்வதில்லை. நேற்று மட்டும் உன்னிடமிருந்து போனை வாங்கினார்.

"எனக்குத்தான் தெச புடிபடலடா. நீ நல்ல சாமான்தான் அனுப்புன. எழுந்து நடமாட ஆரம்பிச்சதும் இன்னொரு தடவ ஏறிப் பாத்துடுறேன்."

நான் "சரிப்பா" என்றேன்.

வீட்டு டி.வி.யில் படம் உடைகிறது என்று நீ சொன்னபோது, ஆன்டெனா பொருத்தும் இந்த வேலையில் நான் சேர்ந்து மூன்று மாதம்தான். பெருமையில் தலைகால் புரியவில்லை எனக்கு. வீட்டிலேயே இதெல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. பழைய மெல்லிய ஒயரைத் தூக்கிப் போடச் சொன்னேன். தடித்த கேபிளாகத் தேர்ந்தெடுத்தேன், நடுவில் முழுச் செம்புக் கம்பி, அதைச் சுற்றி மெல்லிய கம்பியிழை வலையோடு இரட்டைக் கவசம். சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வேண்டாம், நடுவில் ஒட்டும் வேண்டாம், ஒவ்வொரு ஒட்டும் சிக்னலைத் தின்னும் என்றேன். நீ நூல் பிடித்து அளந்து பதினான்கு மீட்டர் என்றாய். பதினான்கே வெட்டினேன். நீளம் கூடினால் சிக்னல் குறையும் என்று ஒரு சாண்கூட விடவில்லை. இரண்டு நுனியிலும் பிளக்கை நானே மாட்டினேன். டி.வி. பக்கத்துப் பிளக்கின் மேல், டி.வி.யில் சொருகும் அடாப்டரையும் திருகி, மேலே டேப் சுற்றி, ஊருக்குக் கிளம்பியவரிடம் கொடுத்தனுப்பினேன். "எதையும் பிரிக்காதீங்க, அப்படியே சொருகுங்க" என்றதும் நான்தான்.

படம் வந்தது. உடைந்தது. மறுபடி வந்தது. இங்கிருந்தே நான் தீர்ப்புச் சொன்னேன். "தெசதான் சரியில்ல. அப்பாவத் திருப்பச் சொல்லு."

அப்பா மேலே, அம்மா டி.வி. முன்னால், நீ ஜன்னலில். "வந்துடுச்சு! நில்லுங்க! ஐயோ, போச்சு! கையி சும்மா இருக்காதா உங்களுக்கு?" அம்மா கத்தியதைப் போனில் கேட்டு நான் சிரித்தேன், அக்கா. அப்பா திருப்பத் திருப்பப் படம் மாறியதால் எல்லோரும் திசைதான் என்று நம்பினோம். மூன்றாம் முறை ஏறியபோது விழுந்தார்.

இன்று காலை ஐந்தாம் மாடியில் ஒரு வீட்டுக்குப் போனோம். போன வாரம் நான் கேபிள் மாட்டிய வீடு. அங்கும் படம் வருகிறது, போகிறது. நான் ஏணியைத் தூக்கினேன். கூட வந்தவன் ஒட்டடை. ஒட்டடைக் குச்சி மாதிரி நெட்டை, அதனால் அந்தப் பெயர்.

"எங்கடா கெளம்பிட்ட? ஏணியக் கண்டாலே காலு அரிக்குமா? மொதல்ல கீழ பாரு."

டி.வி.க்குப் பின்னால் கைவிட்டுப் பிளக்கைக் கழற்றினான். கேபிளின் கவசத்தில் ஓர் இழை, தலைமுடி அளவுதான், வெளியே மடங்காமல் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது.

"மாப்ள, உன் பிளக்குக்கு மீச மொளச்சிருக்கு பாரு."

திரும்பச் செருகிக் கேபிளை லேசாக இழுத்தான். இழை நடுக்கம்பியைத் தொட்டது, படம் போனது. விட்டான், வந்தது. இழுத்தான், போனது.

நம் வீட்டுக் கேபிளில் தொய்வே இல்லை. அப்பா மேலே திருப்பினால் கீழே டி.வி. வரை இழுபடும்.

"இந்த மாதிரி எத்தன வீட்டுக்கு மாட்டுன?" என்று கேட்டான்.

"பதினொன்னு."

நம் வீட்டைச் சேர்த்தால் பன்னிரண்டு. அந்தப் பதினோரு வீட்டிலும் யாரும் ஏணியில் ஏறியிருக்க மாட்டார்கள். ஏறவேண்டியது நான்தான், அதற்குத்தான் சம்பளம்.

ஒட்டடை கீழிருந்து கூப்பிடுகிறான்.

இதைப் படிப்பது யாராக இருந்தாலும், டி.வி.யை அணைத்து, பின்னால் நான் சுற்றிய டேப்பைப் பிரித்து, அடாப்டரைக் கழற்றுங்கள். பிளக்குக்குள் அந்த இழை இருந்தால் உடனே கிள்ளிவிடாதீர்கள். போனில் படம் பிடித்து, கட்டிலுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டுங்கள். அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். அப்பா திருப்பியதில் தப்பில்லை என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள். ஏணியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.