குச்சி நட்ட இடம்

மரம் வெட்டுபவருக்கு நான்கு வருடமாக ஒரே ஒரு மனக்குறை. மாமனார் தையல்காரர். தெருவில் பாதிப் பேர் போட்டிருப்பது அவர் தைத்த சட்டைதான். மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரு தடவைகூட அளவெடுத்ததில்லை. மனசுக்குப் பிடிக்காத ஆளுக்காக அவர் கழுத்திலிருந்து டேப்பை இறக்கவே மாட்டார். அப்படி ஒரு வீம்பு.

அதனால்தான், மாமனார் வீட்டுப் பின்புறம் பட்டுப்போய் நின்ற மரத்தை வெட்டும் வேலை கிடைத்ததும் மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. இடது பக்கம் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, வலது பக்கம் தையல் அறை. மரமோ தொட்டிப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே விழவைத்துவிட்டால் சட்டை நிச்சயம்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மரம் விழவேண்டிய இடத்தில் ஒரு குச்சியை நட்டுவைப்பார். விழுகிற மரம் அதை ஆணி மாதிரி மண்ணுக்குள் இறக்க வேண்டும். இதுவரை ஒரு குச்சியும் தப்பியதில்லை. அன்றும் இருபத்தைந்து அடி தள்ளி நட்டார். சுற்றுச்சுவருக்கு வெளியே வேடிக்கை பார்க்கக் கூடிய அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் கேட்கும்படி, "மாமா, சரியா இந்தக் குச்சி மேல விழும், பாருங்க" என்றார்.

"பார்ப்போம், பார்ப்போம்" என்றார் மாமனார், விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு.

குச்சியை நேர்பார்த்து, தர்பூசணியில் துண்டு எடுப்பதுபோல் மரத்தின் முன்பக்கம் வாய் வெட்டினார் மாப்பிள்ளை. பிறகு மெஷின் ரம்பத்துக்கு பெட்ரோல் ஊற்ற வாசலில் நின்ற வண்டிக்குப் போனார். வேடிக்கை பார்த்த கூட்டமும் பின்னாலேயே போனது. திரும்பி வந்து, மரம் சாயும்போது பின்னால் விலகி ஓட வழி சரியாக இருக்கிறதா என்று நடந்து பார்த்தார். கூடவே உள்ளே வந்துவிட்டவர்களை எல்லாம் சுவருக்கு வெளியே விரட்டினார். மாமனாரை மட்டும் இரண்டு தடவை விரட்ட வேண்டியிருந்தது.

மரத்தின் பின்பக்கத்திலிருந்து அறுக்கும் பின்வெட்டை ஆரம்பித்துவிட்டால் ரம்பத்தையும் மரத்து உச்சியையும் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார். நடுவில் இரண்டு விரல் அகலம் வெட்டாமல் விட்டார். கதவுக்குக் கீல்போல மரத்தை வழிநடத்துவது அதுதான். தொட்டிப் பக்கம் ஆப்பை வைத்து அடித்தார். மரம் முனகியது. விலகி ஓடினார்.

தொபீர்!

தொட்டி பிழைத்தது. தையல் அறை பிழைத்தது. குச்சியும் பிழைத்தது! மரத்துக்கு இடதுபுறம் மூன்றடி தள்ளி, ஒன்றும் நடக்காததுபோல் நிமிர்ந்து நின்றது. சுவருக்கு வெளியே யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது மாடி ஜன்னலிலிருந்து அவர் மனைவி கத்தினாள். "அப்பா! அவர் பெட்ரோல் ஊத்தப் போனப்ப, டேப்பை வச்சு அளந்து அளந்து குச்சியைப் பிடுங்கி வேற இடத்துல நட்டீங்களே, எதுக்கு?"

மாமனார் திருதிருவென்று விழித்தார்.

"மரம் சாஞ்சிருந்துச்சும்மா. எப்படிப் பார்த்தாலும் மூணடி தொட்டிப் பக்கம்தான் விழும்னு எனக்குப் பட்டுச்சு. இத்தனை பேர் முன்னாடி மாப்பிள்ளை மானம் போயிடக் கூடாதேன்னுதான்..."

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தது. ஆனால், நான்கு வருடத்தில் அவருக்காக அந்த டேப் கழுத்தைவிட்டு இறங்கியது அதுதான் முதல் தடவை.

மாமனார் மெல்ல உள்ளே வந்தார். விழுந்த மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். அப்புறம் டேப்பை மறுபடியும் இறக்கினார்.

"கையைத் தூக்குங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை தூக்கினார்.

"நான் நேராத்தான் நிக்கிறேன் மாமா. நீங்களா ஏதாவது கணக்குப் போட்டு மூணடி சேர்த்துடாதீங்க."