டொலிடோ ஹெரான்ஸ் ஜெயித்த ஞாயிறு

அந்த வருடம் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் டொலிடோவுக்கும் ஓர் அணி கிடைத்தது. பெயர் ஹெரான்ஸ். ஆள் சேர்க்கும் முறை எளிமையானது: பழைய அணிகள் வேண்டியவர்களை வைத்துக்கொள்ளும், மிச்சத்திலிருந்து புதிய அணி பொறுக்கிக்கொள்ளலாம். வீடு காலி செய்தவர்கள் வாசலில் விட்டுப்போன சோபாக்களைக் கொண்டு கூடம் அலங்கரிப்பது மாதிரி. அந்தச் சோபாக்களில் ஒன்று லானி ட்ரெட்வெல்.

லானி ஆறு வருடம் சாம்பியன் அணியான செயின்ட் லூயிஸில் இருந்தான். இருந்தான் என்பதுதான் சரி. ஆடினான் என்று சொல்ல முடியாது. நட்சத்திர வீரன் கார்டன் ஹேலுக்கு அவன் மாற்று ஆள். ஹேலுக்கு ஜலதோஷம்கூடப் பிடிப்பதில்லை.

நவம்பர் முடியப்போகிறது. ஹெரான்ஸ் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை அவர்கள் செய்தியை இரங்கல் விளம்பரங்களுக்குப் பக்கத்தில் போட ஆரம்பித்திருந்தது. ஞாயிறன்று வந்து இறங்கியது செயின்ட் லூயிஸ். ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர் ஸ்டான் விட்கோவ்ஸ்கி லானியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சுத்தி வளைக்கல லானி. நாளைக்கு ரெண்டு பேர வீட்டுக்கு அனுப்பணும். ஒருத்தன் நீ."

"சரி கோச். இன்னொருத்தன் யாரு?"

"அவன்கிட்ட இன்னும் சொல்லல. ஆனா இன்னைக்கு நீதான் ஹேலுக்கு எதிரா எறங்குற. வழக்கமா எறங்குற நம்ம பயலுக்குக் கணுக்கால் வீங்கிப்போச்சு."

"நல்லா ஆடினா?"

"ஜெயிச்சா நீ இருக்கலாம். ஜெயிச்சுப் பழக்கமில்லையே, அதான் தைரியமாச் சொல்றேன்."

அரங்கில் பாதி, பெட்ரோல் போட்டதற்கு இலவச டிக்கெட் பெற்ற கூட்டம். ஹேல் நடுவட்டத்துக்கு வந்து லானியைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன பெருசு, இந்த ஊர் பெஞ்சு சவுகரியமா இருக்கா?"

"முதுகு வலிக்குது மாப்ள. அதான் எந்திரிச்சு வந்துட்டேன்."

செயின்ட் லூயிஸ்காரர்கள் ஒன்றை மறந்திருந்தார்கள். ஆடுகிறவன் பந்தைப் பார்ப்பான். பெஞ்சில் இருப்பவனுக்குப் பயிற்சியாளரைப் பார்ப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு கிடையாது. செயின்ட் லூயிஸ் பயிற்சியாளர் டையைத் தொட்டால் பந்து ஹேலுக்கு. காதைச் சொறிந்தால் மூலைக்கு.

அவர் காதைச் சொறிந்தார். "டாமி, மூலைக்குப் போ" என்றான் லானி. குட்டை டாமி கெஸல் அங்கே பஸ்ஸுக்கு நிற்பவன்போல் நின்றான். பந்து வந்தது, ஏறிக்கொண்டான். இடைவேளையில் டொலிடோ முன்னால் இருந்தது. ஸ்கோர் பலகையில்தான் ஏதோ கோளாறு என்று கூட்டம் நினைத்தது.

இடைவேளையில் விஷயம் புரிந்து, சாம்பியன்கள் சைகைகளை மாற்றிக்கொண்டார்கள். பாதிப் பேருக்குத்தான் அது மண்டையில் ஏறியது. ஒரு பந்து நேராக முதல் வரிசையில் ஹாட் டாக் விற்றவர் கைக்குப் போனது. அன்று அவர்கள் கொடுத்த சுத்தமான பாஸ் அதுதான்.

ஆனாலும் ஹேல் ஹேல்தான். சைகையெல்லாம் வேண்டாமென்று தானே பந்தை வாங்கிப் போட்டுத் தள்ளினான். கடைசியில் டொலிடோவுக்கு ஒரே புள்ளி முன்னிலை. சில நொடிகள்தான் மிச்சம், பந்து ஹேல் கையில், முதுகுக்குப் பின்னால் லானி.

ஹேல் இடது தோளை இறக்கினான். ஆறு வருடம், தினமும் காலைப் பயிற்சியில், இந்தத் தோள் இறங்குவதை லானி பார்த்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் தடுக்க பந்துக்கு நேரே லானியின் கை போய்விடும். ஒவ்வொரு முறையும் கடைசி நொடியில் கையை இறக்கிவிடுவான். நட்சத்திரத்தின் தன்னம்பிக்கை குலையக்கூடாது என்பது அங்கே பயிற்சி விதி. அதனால் இந்த வீச்சை மனிதப் பிறவி யாராலும் தடுக்க முடியாது என்று ஹேல் மனதார நம்பியிருந்தான்.

ஹேல் திரும்பி எம்பினான். லானியும் எம்பினான். கையை இறக்கவில்லை.

அறை வாங்கிய பந்து மூன்றாவது வரிசையில் விழுந்தபோது மணி அடித்தது. ஹேல் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டேய், இத நீ எப்பவும் விட்ருவியே?"

"அப்ப உங்க சம்பளம் வாங்கினேன், மாப்ள."

பெட்ரோல் கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. விட்கோவ்ஸ்கி நாற்காலிமேல் ஏறி நின்று, "நாளைக்குப் பத்து மணிக்குப் பயிற்சி, லானி" என்று கத்தினார். லானியைத் தோளில் தூக்கியவர்கள் எல்லாரும் குள்ளம். ஏழடி உடம்பின் கால்கள் தரையில் இழுபட்டன. அப்படியே அரங்கை முழுச் சுற்று சுற்றினார்கள். அவன் இறக்கிவிடச் சொல்லவில்லை.