கையைப் பார்த்த வித்தைக்காரன்

இந்த ஊருக்கு வந்ததிலிருந்தே விரலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ‘விரல்’ என்பது சீட்டு வித்தை மேடையில் அவனுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். கூட வித்தை காட்டுபவர் அத்தான். வேன் ஓட்டி, டிக்கெட் கிழித்து, இருவரையும் கட்டி மேய்ப்பது அக்கா. ஊர் ஊராகச் சுற்றும் பிழைப்பில் ஆளுக்கொரு பைத்தியம். அத்தானுக்குத் தூண்டில்; எந்த ஊரானாலும் தண்ணீர் எங்கே என்றுதான் முதலில் விசாரிப்பார். அக்காவுக்குப் பழைய தையல் இயந்திரங்கள். கால் நீட்ட இடமில்லாமல் வேனில் அவைதான் கிடக்கின்றன. விரலுக்கு மட்டும் எதுவும் வாய்க்காமலே இருந்தது, இங்கே மண் வாய்க்கும் வரை.

விடுதிக்கு எதிர் மாடியில் மாலை வகுப்பு. சக்கரத்தில் மண் வனையச் சொல்லிக்கொடுத்தவள் அவனைவிடச் சின்னவள். வாய் மட்டும் பெரியது.

“அண்ணா, சுவத்துல என்ன எழுதியிருக்கு?”

“ஒண்ணும் இல்லையே.”

“அப்புறம் ஏன் அங்கயே பாக்கறீங்க? கையைப் பாருங்க. சட்டி சாயுது.”

அவன் என்ன செய்வான்? சீட்டு வித்தையின் முதல் பாடமே சொந்தக் கையைப் பார்க்காதே என்பதுதான். வித்தைக்காரன் பார்க்கிற இடத்தைத்தான் கூட்டமும் பார்க்கும். சீட்டை ஒளித்த கை தன்னுடையதே இல்லை என்பதுபோல் நிற்க வேண்டும். அந்தக் கண்ணைக் கீழே இழுத்துவருவதற்குள் எத்தனையோ சட்டிகள் சப்பையாகிவிட்டன. ஒருநாள் கண் இறங்கியது. இரண்டு விரல்களுக்கு நடுவே ஈர மண் மெலிந்து மேலெழுவதைப் பார்த்தவனுக்கு மூச்சு விடவே மறந்துபோயிற்று. இந்தக் கைகளை ஊரெல்லாம் பார்த்திருக்கிறது, அவன்தான் பார்த்ததில்லை.

இன்னும் கொஞ்ச காலம் இங்கேயே இருந்தால் போதும் என்று அடித்துக்கொண்டது மனம். வழியும் இருந்தது. வியாழக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க அரங்கு முதலாளி வருகிறார். பிடித்துப்போனால் மழைக்காலம் முழுக்க இங்கேயே ஆட்டம். இல்லையென்றால் மறுநாள் காலை வேன் கிளம்பிவிடும்.

வியாழக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. முதலாளி முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு பெண்மணி எடுத்த சீட்டு கட்டுக்குள் போய், அங்கிருந்து நழுவி, விரலின் இடது உள்ளங்கையில் பதுங்கியது. இனி அத்தான் அந்த அம்மாவின் கைப்பையைக் காட்டிப் பேசுவார். விரலும் அதையே பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சீட்டு சரியாகப் படிந்ததா? குனிந்து இடது கையைப் பார்த்துவிட்டான்.

கூட்டமே அவனோடு சேர்ந்து பார்த்தது.

“இடது கையில வச்சிருக்கான்யா!” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

“கல்யாண ரேகை இருக்கான்னு தேடறான், விடுங்க” என்று அத்தான் சமாளித்தார். சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது முதலாளியின் நாற்காலி காலியாக இருந்தது.

ஒப்பனை அறைக் கதவைச் சாத்தியதும் அத்தான் பிடித்துக்கொண்டார். “என்னடா ஆச்சு உனக்கு? நேத்து வித்தை கத்துக்கிட்டவன்கூட அப்படிப் பாக்க மாட்டான்.”

மண், சக்கரம், எல்லாவற்றையும் சொன்னான்.

“நானும்தான் மீன் பிடிக்கறேன். மேடைக்கு மீனைத் தூக்கிட்டா வர்றேன்?”

“வேணும்னு பாக்கல அத்தான். கண்ணு தானா போகுது.”

“திருப்பிக் கொண்டு வா.”

“கொண்டு வந்தா அங்க சட்டி சாயும்.”

திரையை மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். “ரெண்டையும் வச்சுக்க முடியாதாடா?”

அவனுக்கும் அதே கேள்விதான். திரையின் மறுமுனையைப் பிடித்து மடிக்கத் தொடங்கினான்.

காலையில் பெட்டிகளை ஒவ்வொன்றாக வேனில் ஏற்றினான். அக்கா எட்டிப் பார்த்தாள்.

“உன் பை எங்க?”

“ரூம்லயே இருக்கு.”

அவள் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். “ஞாயித்துக்கிழமை அடுத்த ஊர்ல ஆட்டம். வந்துடுவியா?”

“வரேன்னு சொல்லிடலாம்க்கா. நிஜமான்னு எனக்கே தெரியல.”

ஜன்னல் வழியாக அத்தான் தலையை நீட்டினார். “அப்ப ஒத்தை ஆளா செய்யற வித்தையா யோசிச்சு வைக்கறேன். கோவமெல்லாம் இல்ல. சாப்பிட்டியா?”

“இல்ல.”

“சாப்பிட்டுட்டுக் குழம்பு.”

வேன் திரும்பி மறைந்தது. மாலை வகுப்புக்கு இன்னும் ஒரு முழுப் பகல் கிடந்தது. அறைக்குப் போனான், உட்கார முடியவில்லை. தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். பேருந்து நிலையம் எந்தப் பக்கம் என்று ஒருவரிடம் கேட்டான். அவர் கைகாட்டினார். அவன் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் வழியை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டான்.