வசம்புச் சாம்பல்

கறுப்புக் கண்ணாடி வில்லையின் மேல் குழந்தையின் ரத்தத்திலிருந்து பிரித்த நீரில் ஒரு துளியும், மதுரையிலிருந்து ஐஸில் வைத்து வந்த பால் நிற மருந்தில் ஒரு துளியும் விட்டு டாக்டர் இசபெல்லா மெல்ல ஆட்டினாள். பச்சைக் குழந்தைக்குக் கிருமி ஏறினால் காய்ச்சல்கூட வராமல் போகலாம். பால் குடிக்காது, உடம்பு சில்லிடும், அவ்வளவுதான். ரத்தத்தை மதுரைக்கு அனுப்பிக் கிருமியை வளர்த்துப் பார்த்துச் சொல்ல நாளாகும். இந்த வில்லையோ கிருமி உண்டா இல்லையா என்று உடனே சொல்லிவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த மலை ஆஸ்பத்திரிக்கு அது புதுசு. அவளுக்கு அதில் சிறு பெருமையும் உண்டு. துளி பொடிப்பொடியாகத் திரிந்தது. கிருமி ஏறியிருக்கிறது.

ஊசி மருந்தைப் போடவும், வழக்கம்போல் கொஞ்சம் ரத்தத்தை மதுரைக்கு அனுப்பவும் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். குழந்தையின் தாய் காளியாயி சுவரோடு ஒட்டி நின்றாள். பேத்துப்பாறையில் தினக்கூலி வேலை செய்கிற மணியனின் மனைவி. தலைப்பிரசவம். இதே ஆஸ்பத்திரியில்தான் பெற்றுக்கொண்டு போனாள். அவள் மாமியார் குப்பம்மாளும், பார்க்க வந்த ஊர்ப் பெண்களும் பக்கத்தில் இருந்தார்கள். குழந்தையின் தொப்புளிலிருந்து துடைத்தெடுத்த பஞ்சை இசபெல்லா காளியாயியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். கறுப்பாக எண்ணெய் பிசுக்கு.

“என்னது இது?”

“வசம்பு சுட்ட சாம்பலுங்க. வெளக்கெண்ணெயில கொழச்சு...” என்று காளியாயி இழுத்தாள்.

“தொப்புள்ள ஒண்ணும் வைக்காதேன்னு எத்தன தடவ சொன்னேன்? பெத்த கையாலயே புள்ளையக் கெடுத்திட்டியே!”

காளியாயி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். ஊர்ப் பெண்களில் ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். குப்பம்மாள் தரையைப் பார்த்தாள்.

மறுநாள் குழந்தை இறந்தது. மணியன் அதைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனதை இசபெல்லா ஜன்னல் வழியே பார்த்தாள். தூங்குகிற குழந்தை என்றால்தான் கண்டக்டர் ஏற்றுவார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தன் பங்குக்கு எல்லாம் செய்தாகிவிட்டது என்ற நிம்மதியும் அந்த வருத்தத்துக்குள் இருந்தது.

அடுத்த மாதம் பள்ளிக்கூட டீச்சர் ஜோசபினுக்கு அதே ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. இன்னும் வீட்டுக்கே போகவில்லை. தொப்புளில் யார் கையும் படவில்லை. காலையில் பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பியது. இசபெல்லா குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தாள். வில்லையில் துளி திரிந்தது. மருந்து பழசோ என்று திரும்பச் செய்தாள். மறுபடியும் திரிந்தது.

கையில் வில்லையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிருமி இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கும் அது சொல்லவில்லை. அதைச் சொன்னது அவள். எழுந்து பிரசவ அறைக்குப் போனாள். பிறந்த குழந்தையின் தொண்டையில் அடைத்த சளியை உறிஞ்சும் ரப்பர் குழாய், ஒரு ஜாடித் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. தண்ணீர் லேசாகப் பச்சை பாரித்திருந்தது. குழாயைத் தூக்கியபோது விரலில் வழுக்கியது. காளியாயியின் குழந்தை பிறந்ததும் அழாமல் கிடந்தது நினைவுக்கு வந்தது. இசபெல்லாதான் இந்தக் குழாயை வாய்க்குள் விட்டுச் சளி எடுத்தாள். வீறிட்டு அழுததும் சிரித்துக்கொண்டே, “பாரு, ஒம் மக என்னைத் திட்டுறா” என்று சொன்னாள்.

ஜாடித் தண்ணீரும் டீச்சர் குழந்தையின் ரத்தமும் மதுரைக்குப் போயின. மருந்து சீக்கிரமே தொடங்கியதால் குழந்தை பிழைத்துக்கொண்டது. டிரங்க் காலில் மதுரை லேப் டாக்டர், “ரெண்டுலயும் ஒரே கிருமிதான். போன மாசம் ஒண்ணு அனுப்பினீங்களே, அதுலயும் இதுதானே? பாக்கலையா?” என்றார். அந்த முடிவு வந்தபோது காளியாயியின் குழந்தை இறந்து போயிருந்தது. காரணம்தான் தெரியுமே என்று அவள் அதைப் பிரிக்கவே இல்லை.

பேத்துப்பாறைக்கு ஜீப்பில் போனாள். காளியாயி வீட்டு வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே குப்பம்மாளின் மடியில் மூத்த மருமகளின் கைக்குழந்தை. அது சிணுங்கியது. குப்பம்மாள் இசபெல்லாவைக் கண்டு பதறி எழப் பார்த்தாள். காளியாயி கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்க ஓர் அடி வைத்தாள். உடனே குப்பம்மாள் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். பழகிப்போன அசைவு. காளியாயி அங்கேயே நின்றுவிட்டாள்.

“ஏன், அவ தூக்கக் கூடாதா?” என்றாள் இசபெல்லா.

“மூத்தவ சண்டைக்கு வருவா, டாக்டரம்மா. நீங்களே இவ கை ஆகாதுன்னு சொல்லிட்டீங்கல்ல.”

வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளை இசபெல்லா விட்டுவிட்டாள். “இவ மேல தப்பில்ல. எங்க ஆஸ்பத்திரிக் குழாய்லதான் கிருமி இருந்திருக்கு. அத ஒம் புள்ள வாயில விட்டதே நான்தான், காளியாயி” என்றாள்.

குப்பம்மாள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “சாம்பல் வச்சது நாந்தாங்க. இவளுக்குத் தெரியாம வச்சேன், அப்புறந்தான் பாத்தா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல.”

அன்று யார் வைத்தது என்றுகூடத் தான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் இசபெல்லாவுக்கு உறைத்தது. காளியாயி மாமியாரையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

“அன்னைக்கு ஊர்ச்சனம் அத்தன பேரு முன்னாடி சொன்னீங்க, டாக்டரம்மா” என்றாள். குரல் உயரவே இல்லை. “இப்ப எல்லாரும் காட்டு வேலைக்குப் போயிட்டாங்களே.”

“எப்ப வருவாங்க?”

“பொழுது சாயங்க.”

டிரைவர் ஹாரன் அடித்தார். இசபெல்லா அவரைப் போகச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, ஓரமாகக் கிடந்த உருளைக்கிழங்குப் பெட்டியில் உட்கார்ந்தாள். காபி வேண்டாம் என்றாள். காளியாயி மிச்சப் பாத்திரங்களை விளக்கி முடித்துக் கவிழ்த்தாள்.

பள்ளத்திலிருந்து மஞ்சு புகைமூட்டமாக ஏறி வந்தது. அதற்குள்ளிருந்து முதலில் பெண்களின் பேச்சுக் குரலும் சிரிப்பும் கேட்டன. பிறகு தலைச்சுமைகள் தெரிந்தன. முன்னால் வந்தவள் இசபெல்லாவைக் கண்டு நின்றாள். பின்னால் வந்தவர்களும் நின்று, மண் ஒட்டிய கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டார்கள். இசபெல்லா எழுந்தாள். “ஒங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்” என்றாள். காளியாயி கதவு நிலையைப் பிடித்தபடி அந்தப் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.