முட்புதர் என்று எழுதிய காடு

வரதன் செய்தது சோம்பேறித்தனம்தான். அதற்கு வேறு பெயர் கிடையாது. ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் காப்புக்காட்டுக்கு அவன் வனக்காவலனாக வந்த வருஷம் அறுபத்தெட்டு. கத்திரி வெயில் மண்டையைப் பிளந்ததால் ஏரிக்கரையில் நின்றபடியே, ஆபீஸ் கேட்ட ரிப்போர்ட்டில் 'காட்டின் வகை' என்ற கட்டத்தில் 'முட்புதர்' என்று எழுதி அனுப்பிவிட்டான். முட்புதர் என்றால் விறகுக்கு வெட்டலாம். வெட்ட ஆட்கள் திங்கட்கிழமை வருகிறார்கள்.

சனிக்கிழமை ஒரு பெண் கூடையோடு சூரைமுள்ளுக்குள் நுழைவதைப் பார்த்தான். விறகு திருடத்தான் என்று துரத்தினான். முள் சட்டையைக் கிழித்தது. தவழ்ந்து அந்தப் பக்கம் எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அம்மாடி! வெளியே ஊரே கருகிக் கிடக்க, உள்ளே இலையெல்லாம் பச்சை. உச்சிப்பொழுதில் அந்தி மாதிரி வெளிச்சம். காலடியில் ஈரம். மூன்று பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பாலைமரம் ஒன்று. சத்தம் கேட்டு ஒதுங்கியிருந்த புள்ளிமான்கள் மெல்லத் திரும்பிவந்து, உதிர்ந்த மஞ்சள் பழங்களைத் தின்றன. வரதனுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

"இன்னா கார்டு, வாயப் பொளந்துகினு நிக்கிறே?" கூடைக்காரி சின்னப்பொண்ணு சிரித்தாள். அவனுக்கு அக்கா வயதிருக்கும். கூடையில் இருந்தது விறகில்லை, பாலைப்பழம். "காட்டுக்குக் காவலு, உள்ள வந்ததே இல்லியா?"

"இத்த வெட்டப் போறாங்கக்கா. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

அவள் சிரிப்பு நின்றது. "அட பாவி! எழுதுனத்த அதே கையால அடிச்சிட்டு வா, போ!"

சொல்வது சுலபம். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. வீட்டில் அவனை நம்பி ஆறு வயிறு. ஆனாலும் சைக்கிளை மிதித்தான். ரேஞ்சர் சுப்பிரமணியின் எதிரில் போய் நின்றான்.

"சார், உள்ள போவாமலே எழுதிட்டேன். நீங்க ஒருதரம் வந்து பாக்கணும்."

மறுநாள் ரேஞ்சர் அவனைத் திட்டிக்கொண்டே முள்ளுக்குள் தவழ்ந்தார். பாலைமரத்தடியில் திட்டு நின்றது. வெகுநேரம் அண்ணாந்து பார்த்தவர் தொப்பியைக் கழற்றினார்.

"பசுமைமாறாக் காடுய்யா இது! இந்தக் காய்ஞ்ச சீமையில! வெட்டு கிடையாது." பிறகு அவன் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். "பாக்காம ரிப்போர்ட் எழுதுனதுக்கு, நீ நிரந்தரமாவறது ரெண்டு வருஷம் தள்ளிப்போவும். புரியுதா?"

"போனா போவுது சார்," என்றான் வரதன். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. மானுங்க மிரளும்."