காது வைத்த சுவர்

1

இந்தக் கதை என் திருப்பதி வாடகை அறையில் பிறந்தது. மழைக்காலம் முழுக்கக் கட்டிலோரச் சுவர் நனைந்தே கிடந்தது. பேச ஆளில்லாமல் ஈரச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று சளி பிடிக்கும், இல்லையென்றால் கதை வரும். எனக்கு இரண்டும் வந்தன. சளி போய்விட்டது.

முதல் வாக்கியம் இப்படி அமைந்தது: "சித்தூரில் ஐப்பசி மழை, கைவிடப்பட்டவளின் கண்ணீரைப் போல..."

அடித்துவிட்டேன். மழை மழையைப் போலத்தான் பெய்யும்.

2

ஒழுங்காகத் தொடங்குகிறேன். வெள்ளைக்காரன் காலம், முப்பதுகளின் நடுப்பகுதி. சித்தூரில் ஒரு மிஷன் வளாகம் (பெயர் தேடாதீர்கள், நான் கட்டியது). அதன் கடைசி அறையில் பெண்கள் பள்ளி டீச்சர் கிருபாபாய் தனியாக இருக்கிறாள். கணவன் ஞானசிங் இறந்த வருஷம் அவளுக்கென்று கட்டிக்கொடுத்த அறை அது. உள்ளே பொந்து விட்டு அச்சில் வார்த்த சிமெண்டுக் கல்லால் கட்டியது. அந்தக் கல் அப்போது ஊருக்குப் புதுசு.

சுவரின் அடி ஊறிக்கொண்டே இருந்தது. உள்பக்கம் பூசப் பூச, பூச்சு உதிர்ந்தது. கட்டடங்களைக் கவனிக்கும் அசரியா வந்து பார்த்தார்.

"இந்தத் தபாவும் காயலன்னா ரூமைப் பூட்ட வேண்டியதுதாம்மா. பாகாலால நம்ம மிஷன் ஹாஸ்டல்ல பத்துப் பேரோட இருந்துக்கலாம். துணையாவும் இருக்கும்."

அவளுக்குத் துணை இருந்தது. விளக்கேற்றியதும் ஞானசிங்கோடு பேசுவாள். "இன்னிக்கு அந்தத் தெலுங்குக்காரப் பொண்ணு 'ழ' சொல்லிடுச்சிங்க. கேட்டீங்களா?" என்பாள். இறந்தவர்களோடு பேசுவது சபைக்கு ஆகாது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். பாகாலாவில் பத்துப் பேர் நடுவில் வாயே திறக்க முடியாது. அந்த ஈரம் காய்ந்தால்தான் அவளுக்கு அவர் மிஞ்சுவார்.

(இவளுக்குப் பைத்தியமா என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. பதில் வராது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். நானும் இந்தப் பக்கங்களைக் காலி அறையில் உரக்கப் படித்துத்தான் திருத்துகிறேன், என்னை யாரும் அப்படிக் கேட்பதில்லை.)

3

அந்தச் சுவரைக் கட்டியவன் நகரிப் பக்கத்துக் கொத்தனார் எத்திராஜ். அவனையே கூப்பிட்டார்கள். கரண்டிக் கட்டையால் சுவரை மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தான். மேலே 'டங்' என்றது. முழங்கால் உயரத்துக்கு வந்ததும் 'தொப்' என்றது.

"தண்ணி இங்க பொறக்கல டீச்சரம்மா. சுவத்து உச்சில வெடிச்சிக்கினு கீது. அங்க பூந்து, கல்லுப் பொந்துல எறங்கி, அடில தேங்கிக்கினு கீது. உள்ள எவ்ளோ பூசினாலும் நிக்காது. வெளிய போவ நான் வழி வச்சித்தான கட்னேன்?"

வெளியே போய்க் குனிந்து பார்த்தான். அடிவரிசையில் அவன் விட்ட ஓட்டைகளை யாரோ சிமெண்டு வைத்து அடைத்திருந்தார்கள். உளி வைத்துத் தட்டினான். சிமெண்டுக்குப் பின்னால் ஒரு வேட்டிக் கரை வந்தது. அதன் பின்னால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது.

அடைத்தவள் கிருபாபாய். அறை முடிந்த அன்று எத்திராஜ், "சுவத்துக்குக் காது வச்சிக்கிறேன், அடைச்சிடாதீங்க" என்று சொல்லியிருந்தான். ஊசிக்குக் காது இருக்கிறதே, அந்தக் காதைத்தான் சொன்னான். அவளுக்கோ அது கேட்கிற காதாகப் பட்டது. ஞானசிங்கின் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்து, மேலே சிமெண்டும் பூசிவிட்டாள்.

4

"யாருய்யா அடைச்சது?" என்றார் அப்போதுதான் அங்கே வந்த அசரியா.

இங்கேதான் நான் பல நாள் நின்றேன்.

அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அசரியா கண்ணை மூடி ஜெபிக்கிறார், மறுநாள் பாகாலா வண்டி. [எழுதிக் கிழித்தேன். அசரியா நல்ல மனுஷர், அவரை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை.]

"தேளுக்குப் பயந்து நான்தான்" என்கிறாள். பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்த அதே வாயால் அவள்... [வேண்டாம்.]

எத்திராஜ் அந்தத் துணியை இடுப்பில் செருகிக்கொள்கிறான். "மண்ணு ரொம்பிக்கினு இருந்துச்சிங்க ஐயா. உச்சியச் சரிவா சிமெண்டு பூசி, இதையும் தெறந்து வுட்டா காஞ்சிடும். டீச்சரம்மா இங்கியே இருக்கலாம்."

இதை வைத்துக்கொண்டேன். அசரியாவும் சந்தோஷமாகப் போய்விட்டார்.

5

இதோடு முடிப்பதாகத்தான் இருந்தேன். அறை தப்பியது, அவளும் தப்பினாள். ஆனால் கிருபாபாய் வாசலை விட்டு நகரவில்லை.

"எத்திராஜு, இதைத் தெறந்துட்டா உள்ள பேசறது வெளிய கேக்குமா?"

அவன் சிரித்துவிட்டான். "அய்ய, இந்த ஓட்டை கல்லுப் பொந்தோட நின்னுடும்மா. உங்க ரூமு வரைக்கும் வராது. தெறந்தாலும் கேக்காது, மூடினாலும் கேக்காது. இது வழியா ஒரு பேச்சும் வெளிய போனதே இல்ல."

அடுத்து, "அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்" என்று எழுதினேன். உரக்கப் படித்துப் பார்த்தேன். பொய். அவள் சொன்னது இது:

"அப்போ இத்தினி நாளா ஒருத்தருக்குமே கேக்கலியா?"

எத்திராஜ் பதில் சொல்ல வேண்டும். 'இல்லை' என்று எழுதினால் என் கையே கூசுகிறது. 'கேட்டது' என்றால் அவள் நம்பமாட்டாள். கதை எழுதுகிறவனுக்கு இதற்கு மேல் வழி தெரியவில்லை, ஐயா, அம்மா. அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஏதாவது சொல்லுங்கள். மனசுக்குள் வேண்டாம், வாய்விட்டே சொல்லுங்கள்.